கொடையாளரின் வயது ஏன் கேட்கப்படுகிறது? இரத்தப் புற்றுநோய்க்கான குருத்தணு மாற்றுச் சிகிச்சை: ஒரு விளக்கம்

இரத்தப் புற்றுநோயாளி ஒருவருக்குக் குருத்தணு மாற்றுச் சிகிச்சை தேவை என்று மருத்துவர் கூறியவுடன், குடும்பத்தில் எழும் முதற்கேள்வி 'யார் கொடுப்பது?' என்பதே. பெரும்பாலும் பெற்றோரோ மூத்த சகோதரரோதாம் முதலில் முன்வருகின்றனர். இளையவர்களுக்கு இனிமேல்தான் படிப்பும் திருமணமும் இருக்கின்றன, அவர்களை இதில் இழுக்க வேண்டாம் என்னும் அக்கறையே அதற்குக் காரணம். மாற்றுச் சிகிச்சை மையத்திலோ, 'இவர்களுள் இளையவர் யார்?' என்று கேட்கின்றனர். இந்தக் கேள்வி பல குடும்பங்களைத் திகைக்க வைக்கிறது. அக்கேள்வியின் பின்னணியில் உள்ள மருத்துவக் காரணங்களையும், அதற்கு எவ்வளவு முக்கியத்துவம் அளிக்க வேண்டும் என்பதையும் இப்பக்கம் விளக்குகிறது.

சுருக்கமாக

• கொடையாளரைத் தேர்ந்தெடுப்பதில் எச்.எல்.ஏ. திசுப் பொருத்தமே முதன்மையானது. சமமான பொருத்தமுடைய பலர் இருக்கும்போது, இளையவரைத் தேர்ந்தெடுப்பது நோயாளிக்கு நன்மை தருகிறது.
• வயதால் ஏற்படும் வேறுபாடு உண்மையானது, ஆனால் மிதமானது. மூத்த கொடையாளர் மட்டுமே உள்ளார் என்பதற்காகச் சிகிச்சையைக் கைவிடுவதோ நெடுநாள் தள்ளிப்போடுவதோ தவறு.
• இரத்த வகை ஒத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.
• குருத்தணுக் கொடை இளைஞர்களின் உடல்நலத்தையோ பிள்ளைப் பேற்றையோ நிலையாகப் பாதிப்பதில்லை.

குருத்தணு மாற்றுச் சிகிச்சை என்றால் என்ன?

நமது இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள், வெள்ளையணுக்கள், தட்டணுக்கள் ஆகிய அனைத்தும் எலும்பு மஜ்ஜையில் உள்ள தாய் அணுக்களிலிருந்து உருவாகின்றன. ஸ்டெம் செல் எனப்படும் இவையே குருத்தணுக்கள். லுகேமியா போன்ற இரத்தப் புற்றுநோய்கள் சிலவற்றில், வேதிச் சிகிச்சையால் மட்டும் நோயை நிலையாக அகற்ற இயலாது. அந்நிலையில், உயர் அளவு மருந்துகளாலோ கதிர்வீச்சாலோ நோயுற்ற மஜ்ஜையை ஒடுக்கிவிட்டு, நலமான ஒருவரின் குருத்தணுக்களை நோயாளியின் இரத்த நாளம் வழியே செலுத்துகின்றனர். அவை மஜ்ஜையைச் சென்றடைந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் புதிய இரத்த அணுக்களை உருவாக்கத் தொடங்குகின்றன.

இச்சிகிச்சையை வளர்த்தெடுத்த அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸுக்கு 1990-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இந்தியாவில் 1983-ஆம் ஆண்டு மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும், அதனைத் தொடர்ந்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் இது தொடங்கப்பட்டது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோயாளிக்குச் செல்வது வெறும் இரத்தம் அன்று. இன்னொருவரின் நோய் எதிர்ப்பு அமைப்பே இடம் மாறுகிறது. அது எஞ்சியிருக்கும் புற்றணுக்களைத் தேடி அழிக்கும். இதுவே சிகிச்சையின் வலிமை. அதே அமைப்பு நோயாளியின் தோல், குடல், கல்லீரல் ஆகியவற்றையும் அயலானவை என்று கருதித் தாக்கக்கூடும். ஜி.வி.எச்.டி. என்று மருத்துவர்கள் குறிப்பிடுவது இத்தாக்குதலையே. கொடையாளரின் வயது முக்கியத்துவம் பெறுவதற்கான காரணமும் இங்கேதான் தொடங்குகிறது: அவருடைய குருத்தணுக்களும் எதிர்ப்பணுக்களும் எத்தனை ஆண்டுகள் உழைத்தவையோ, அத்தனை ஆண்டுகளின் தடயங்களுடனேயே நோயாளியின் உடலுக்குள் செல்கின்றன.

கொடையாளரைத் தேர்ந்தெடுக்கும் வரிசை

எச்.எல்.ஏ. என்பது அணுக்களின் மேற்பரப்பில் அமைந்துள்ள அடையாளப் புரதங்களின் தொகுதி. 'இது நம் உடல், இது அயல்' என்று எதிர்ப்பணுக்கள் இனங்காண்பது இவற்றைக் கொண்டே. ஒவ்வொருவரும் தாயிடமிருந்து ஒரு பாதியையும் தந்தையிடமிருந்து ஒரு பாதியையும் பெறுவதால், உடன்பிறந்த ஒருவருக்கு முழுப் பொருத்தம் அமையும் வாய்ப்பு 25 விழுக்காடு. பெற்றோர் பெரும்பாலும் அரைப் பொருத்தம் உடையவர்களே. நெருங்கிய உறவில் திருமணம் செய்யும் வழக்கமுள்ள குடும்பங்களில், உடன்பிறந்தோருக்கு அப்பாலும் பொருத்தமானவர் கிடைக்கும் வாய்ப்புச் சற்று அதிகம். ஆகவே, தமிழ்நாட்டுக் குடும்பங்களில் பரிசோதனையை உடன்பிறந்தோருடன் நிறுத்திக்கொள்ளாமல், மருத்துவரின் ஆலோசனைப்படி விரிவுபடுத்துவது பயன் தரலாம்.

உறவினர் அல்லாத கொடையாளர்களிடம் எச்.எல்.ஏ. கூறுகளுள் எட்டு ஒப்பிட்டுப் பார்க்கப்படுகின்றன. 2007-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், எட்டும் பொருந்தியவர்களிடமிருந்து அணுக்களைப் பெற்ற நோயாளிகளுள் 52 விழுக்காட்டினரும், ஏழு மட்டும் பொருந்தியவர்களிடமிருந்து பெற்றவர்களுள் 43 விழுக்காட்டினரும் ஓராண்டுக்குப் பின் உயிருடன் இருந்தனர். இன்றைய மருந்துகள் இந்த இடைவெளியைக் குறைத்து வருகின்றன. எனினும் பொருத்தத்திற்கு முதலிடம் ஏன் என்பதை இவ்வெண்கள் உணர்த்தும்.

பொருத்தம் சமமாக இருக்கும்போது, அடுத்துப் பார்க்கப்படுபவை வயது, சைட்டோமெகலோ வைரஸ் தொற்றுக்கு முன்னர் ஆளானவரா என்பது, பாலினம், மகப்பேறு வரலாறு, இரத்த வகை ஆகியவை. இவற்றுள் வயதே இன்று முன்வரிசையில் நிற்கிறது.

ஆய்வுகள் கூறுவது

அமெரிக்க தேசிய மஜ்ஜைக் கொடையாளர் திட்டத்தின் வழியாக 1987 முதல் 1999 வரை மேற்கொள்ளப்பட்ட 6,978 மாற்றுச் சிகிச்சைகளை ஆராய்ந்து, 2001-ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிடப்பட்டது. கொடையாளர்கள் அனைவரும் நோயாளிக்கு உறவினர் அல்லாதோர். ஐந்தாண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்த நோயாளிகள், கொடையாளரின் வயது 18 முதல் 30 வரை எனில் 33 விழுக்காடு. 31 முதல் 45 வரை எனில் 29 விழுக்காடு. 45-க்கு மேல் எனில் 25 விழுக்காடு. கடுமையான ஜி.வி.எச்.டி.யும் மூத்த கொடையாளர்களின் அணுக்களைப் பெற்றவர்களிடமே மிகுதியாகக் காணப்பட்டது. இவ்வெண்கள் அக்காலச் சிகிச்சையின் நிலையைக் காட்டுபவை. இன்றைய பலன்கள் இவற்றைவிட மேம்பட்டவை. ஆயினும் வயதுக் குழுக்களுக்கிடையே தென்பட்ட வரிசை பின்னர் மாறவில்லை.

அதே துறையினர் 1988 முதல் 2011 வரையிலான சிகிச்சைகளை ஆராய்ந்து 2016-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை இதனை உறுதிப்படுத்தியது. கொடையாளரின் வயது பத்து ஆண்டுகள் கூடும்போதெல்லாம், நோயாளியின் இறப்பு இடர் ஐந்தரை விழுக்காடு கூடுவதாக அது கண்டறிந்தது. பொருத்தமும் வயதுமே நோயாளியின் ஆயுளுடன் தெளிவான தொடர்பு கொண்டிருந்தன. பாலினம், இரத்த வகை போன்றவற்றுக்கு அத்தகைய உறுதியான தொடர்பு காணப்படவில்லை.

ஐந்தரை விழுக்காட்டை எவ்வாறு புரிந்துகொள்வது?

இத்தகைய எண்கள் செய்திகளில் தனித்து வரும்போது அச்சத்தை ஊட்டுகின்றன. எனவே ஒரு கணக்கின் மூலம் பார்ப்போம். ஒருவருக்கு 25 வயதுக் கொடையாளரும் 55 வயதுக் கொடையாளரும் சமமான பொருத்தத்துடன் கிடைக்கின்றனர் எனக் கொள்வோம். இடைவெளி முப்பது ஆண்டுகள். மூன்று முறை ஐந்தரை விழுக்காடு சேர்ந்தால் இடர் ஏறத்தாழ 17 விழுக்காடு கூடும்.

நூறு பேரில் கூடுதலாகப் பதினேழு பேர் இறப்பார்கள் என்பது இதன் பொருளன்று. இளைய கொடையாளரின் அணுக்களைப் பெற்ற நூறு நோயாளிகளுள் குறிப்பிட்ட காலத்தில் 40 பேர் இறக்கக்கூடும் எனில், மூத்த கொடையாளரின் அணுக்களைப் பெற்ற நூறு பேரில் அவ்வெண் ஏறத்தாழ 45 ஆக இருக்கும் என்பதே பொருள். நூற்றுக்கு ஐந்து உயிர்கள் என்பது சிறிய எண்ணிக்கையன்று. இருவர் கிடைக்கும்போது இளையவரைத் தேர்வதற்கு இதுவே போதிய காரணம். அதேவேளை, மூத்தவர் ஒருவர் மட்டுமே கிடைக்கும்போது சிகிச்சையை மறுப்பதற்கு இது காரணமாகாது. நோயாளியின் சொந்த வயது, நோய் கட்டுக்குள் உள்ளதா என்பது, இதயம், நுரையீரல் முதலிய உறுப்புகளின் நிலை ஆகியவை பலனைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு வகிக்கின்றன. அவற்றை நாம் மாற்ற இயலாது. கொடையாளர் தேர்வு நம் கையில் உள்ளது என்பதாலேயே அதைக் குறித்து இவ்வளவு பேசப்படுகிறது.

வயது ஏன் வேறுபாட்டை உண்டாக்குகிறது?

முதற்காரணம், எதிர்ப்பணுக்களின் தன்மை. டி அணுக்களைப் பயிற்றுவிக்கும் தைமஸ் சுரப்பி இளமைக்குப் பின் படிப்படியாகச் சுருங்குகிறது. அதனால் வயது கூடக்கூட, எந்தத் தொற்றையும் சந்தித்திராத புதிய டி அணுக்கள் குறைந்து, பழைய தொற்றுகளை நினைவில் கொண்ட அணுக்கள் மிகுகின்றன. புதிய உடலில் புகுந்து அங்குள்ள கிருமிகளை எதிர்கொள்ளும் திறன் இதனால் மாறுபடுகிறது.

இரண்டாவது, குருத்தணுக்களின் முதுமை. ஒவ்வொரு முறை பிரியும்போதும் குரோமோசோம்களின் முனைகளில் உள்ள டெலோமியர் சற்றுக் குறுகுகிறது. மரபணுவில் சிறு பிழைகளும் சேர்கின்றன. அத்தகைய பிழையுள்ள ஒரு குருத்தணு, மற்றவற்றைவிட வேகமாகப் பெருகி இரத்த உற்பத்தியின் ஒரு பங்கைத் தானே கைப்பற்றிக்கொள்வதுண்டு. இந்நிலை நாற்பது வயதுக்கு முன் அரிது. எழுபதைக் கடந்தவர்களிடம் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குக் காணப்படுகிறது. அவர்களுள் பெரும்பாலோருக்கு எந்த நோயும் இருப்பதில்லை. 55 வயதும் அதற்கு மேலும் ஆன 500 கொடையாளர்களை நுட்பமான மரபணுச் சோதனைக்கு உட்படுத்தி 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 16 விழுக்காட்டினரிடம் இம்மாற்றம் இருந்தது. அவர்களின் அணுக்களைப் பெற்ற நோயாளிகளிடம் நாட்பட்ட ஜி.வி.எச்.டி. கூடியிருந்தது, ஆனால் நோய் திரும்புவது குறைந்திருந்தது, மொத்த ஆயுளில் பாதிப்புத் தென்படவில்லை. ஆகவே, இம்மாற்றம் ஒன்றே மூத்த கொடையாளர்களின் குறைந்த பலனுக்குக் காரணம் என்று கூறிவிட முடியாது. கொடையாளரின் அணுக்களிலிருந்தே நோயாளிக்குப் புதிதாக லுகேமியா தோன்றுவது மிக அரிய நிகழ்வாகும்.

மூன்றாவது, கிடைக்கும் அளவு. குருத்தணுக்களை இரத்தத்திற்குள் வரவழைக்கும் ஊசி செலுத்தப்பட்ட பின், இளைஞர்களிடமிருந்து பொதுவாகப் போதிய எண்ணிக்கை எளிதில் கிடைக்கிறது. மூத்தவர்களிடம் சில வேளைகளில் மறுநாளும் சேகரிக்க நேரிடும். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவை மூத்தவர்களிடம் மிகுதி என்பதால், கொடையாளரின் சொந்தப் பாதுகாப்பையும் கருத வேண்டியுள்ளது.

மூத்த உடன்பிறப்பா, இளைய அயலாரா?

இதுவே தற்போது வல்லுநர்களிடையே தீவிரமாக விவாதிக்கப்படும் கேள்வி. மேலைநாடுகளில் அக்யூட் மைலாய்டு லுகேமியா பெரும்பாலும் 65 வயதையொட்டியும் அதற்கு மேலும் கண்டறியப்படுகிறது. அத்தகைய நோயாளியின் உடன்பிறந்தோரும் ஏறத்தாழ அதே வயதினரே. முழுப் பொருத்தமுள்ள 62 வயது அண்ணன் நல்லவரா, முழுப் பொருத்தமுள்ள 25 வயது முகமறியாதவர் நல்லவரா?

ஆய்வுகள் ஒரே விடையைத் தரவில்லை. 2013-இல் வெளிவந்த இரு ஆய்வுகளே இதற்குச் சான்று. ஐம்பது வயதைக் கடந்த நோயாளிகளை ஆராய்ந்த ஒன்று, உடல்நிலை நன்றாக இருந்தவர்களுக்கு மூத்த உடன்பிறப்பே மேலான கொடையாளர் எனக் கண்டது. மைலோடிஸ்பிளாசியா நோயாளிகளை ஆராய்ந்த மற்றொன்றோ, முப்பது வயதுக்குட்பட்ட அயல் கொடையாளரின் அணுக்களைப் பெற்றவர்கள் நீண்ட ஆயுள் பெற்றதைக் காட்டியது. பிந்தைய ஆய்வுகள் சிலவற்றில், இளைய அயலாரின் அணுக்கள் நோய் திரும்புவதைக் குறைத்தன. ஆனால் சிகிச்சையின் பக்கவிளைவுகளால் அந்நன்மையின் ஒரு பகுதி ஈடுகட்டப்பட்டது. எனவே நோயின் வகையைப் பொறுத்தே முடிவு அமைகிறது. மஜ்ஜை நோய்கள் குடும்ப வழியாக வரும் சில மரபுகளில், உடன்பிறந்தவரும் அதே மரபணுப் பிழையைக் கொண்டிருக்கிறாரா என்று சோதிப்பதும் இன்றியமையாதது.

நமது சூழலில் இன்னொரு காரணியும் உண்டு. உடன்பிறந்தவர் இன்றே ஆயத்தமாக இருக்கிறார். அயல் கொடையாளரைத் தேடி, உறுதிப்படுத்தி, அணுக்களைக் கொண்டுவருவதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகலாம், செலவும் மிகுதி. வேகமாகத் திரும்பும் இயல்புடைய நோய்க்குக் காத்திருப்பதே பெரிய இடராகிவிடும்.

அரைப் பொருத்தச் சிகிச்சை கொண்டுவந்த மாற்றம்

அணுக்களைச் செலுத்திய மூன்றாம், நான்காம் நாள்களில் சைக்ளோபாஸ்பமைடு என்னும் மருந்தை அளித்து, தாக்கும் இயல்புடைய டி அணுக்களை மட்டுப்படுத்தும் முறை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்களால் வளர்த்தெடுக்கப்பட்டது. அதனால் அரைப் பொருத்தமுள்ள உறவினரும் கொடையாளராகலாம் என்ற நிலை ஏற்பட்டது. பொருத்தமான கொடையாளர்களுக்கும் இம்முறை பயன்படுவதை 2023-இல் வெளிவந்த ஒரு பெரும் ஆய்வு காட்டியது.

இதன் நேரடி விளைவு, ஒரு குடும்பத்தில் தகுதியுள்ளோர் எண்ணிக்கை கூடியிருப்பது. ஐம்பத்தைந்து வயதுத் தந்தைக்கு நோய் எனில், அவருடைய மகனும் மகளும் அரைப் பொருத்தம் உடையவர்களே. இருபதுகளில் உள்ள அவர்கள், தந்தையின் மூத்த சகோதரருக்கு இணையாகவும் சில வேளைகளில் அவரைவிட மேலாகவும் கருதப்படக்கூடும். 'பிள்ளையைக் கேட்கிறார்களே' என்று குடும்பத்தினர் வருந்துவதற்கான பின்னணி இதுவே.

பதிவேடுகள் இளைஞர்களைத் தேடுவது ஏன்?

உலகெங்கும் நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் குருத்தணுக் கொடையாளர்களாகப் பதிந்துள்ளனர். ஆனால் மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் அழைப்பது அவர்களுள் இளையவர்களையே. எனவே பதிவேடுகள் தம் சேர்க்கை வயதைக் குறைத்து வருகின்றன. இங்கிலாந்தின் ஆண்டனி நோலன் பதிவேடு 16 முதல் 30 வயது வரையிலும், கனடாவின் பதிவேடு 17 முதல் 35 வயது வரையிலும் புதியவர்களைச் சேர்க்கின்றன.

இந்தியப் பதிவேடுகள் 18 வயது நிறைந்தோரைச் சேர்க்கின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தாத்ரி 2009 முதல் இப்பணியில் உள்ளது. நம் மக்கள்தொகையுடன் ஒப்பிடும்போது பதிந்தோர் எண்ணிக்கை மிகச் சிறிது. எச்.எல்.ஏ. அமைப்பு வம்சாவளியைப் பின்பற்றுவதால், தமிழ் நோயாளி ஒருவருக்குப் பொருத்தமானவர் தமிழகத்திலோ, உலகின் பிற பகுதிகளில் வாழும் தமிழர்களிடையேயோ கிடைக்கும் வாய்ப்பே அதிகம். ஜெர்மனியில் எத்தனை இலட்சம் பேர் பதிந்தாலும் அக்குறை தீராது.

பதிவதுடன் கடமை முடிவதில்லை. பொருத்தம் உறுதியாகி அழைக்கும்போது தொலைபேசி எண் மாறியிருப்பதும், குடும்பத்தார் தடுப்பதால் பின்வாங்குவதும் நேர்கின்றன. நோயாளியின் மஜ்ஜையை ஒடுக்கும் மருந்து தொடங்கிய பிறகு கொடையாளர் விலகினால், அது நோயாளியின் உயிரையே பறிக்கக்கூடும். ஆகவே, தயக்கம் இருப்பின் அதைத் தொடக்கத்திலேயே தெரிவித்துவிடுவது நேர்மையான செயல்.

குடும்பங்கள் அஞ்சுவது எதற்கு?

மாவட்ட அளவில் பணியாற்றும் மருத்துவ அலுவலர்களிடம் உறவினர்கள் தனியே வந்து கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே தன்மையானவை. அவற்றுள் சிலவற்றுக்கான விடைகள் வருமாறு.

மஜ்ஜையைக் கொடுத்தால் முதுகெலும்பு பாதிக்கப்படுமா?
இல்லை. முதுகுத் தண்டிலிருந்து எதுவும் எடுக்கப்படுவதில்லை. இன்று பெரும்பாலான கொடைகள், நான்கைந்து நாள்கள் ஊசி செலுத்தி, கையிலுள்ள இரத்த நாளம் வழியாகக் கருவியின் துணையுடன் அணுக்களைப் பிரித்தெடுக்கும் முறையிலேயே நடைபெறுகின்றன. மஜ்ஜையையே எடுக்க வேண்டிய நிலையில், மயக்க மருந்து அளித்து இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து எடுப்பர்.

பக்கவிளைவுகள் எவை?
ஊசி செலுத்தும் நாள்களில் எலும்பு வலி, தலைவலி, சோர்வு ஆகியவை பலருக்கும் ஏற்படும். கொடைக்குப் பின் சில நாள்களில் நீங்கிவிடும். மண்ணீரல் பாதிப்பு போன்ற கடுமையான விளைவுகள் மிக அரிதானவை. கொடுத்த அணுக்களை உடல் சில வாரங்களில் மீண்டும் உருவாக்கிக்கொள்ளும்.

திருமணமாகாத பெண் கொடுக்கலாமா?
கொடுக்கலாம். குருத்தணுக் கொடை கருவுறும் திறனைப் பாதிப்பதில்லை. கருவுற்றிருக்கும் காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் மட்டும் கொடை தள்ளிவைக்கப்படும். மகளின் திருமணத்திற்குத் தடையாகும் என்று கருதி அவரைப் பரிசோதனைக்கே அழைத்துவராதிருப்பது, நோயாளியின் வாய்ப்பைக் குறைப்பதாகும். அதே நேரத்தில், எவரையும் வற்புறுத்தக் கூடாது. கொடையாளரிடம் குடும்பத்தார் இல்லாத இடத்தில் தனியே பேசி, அவருடைய இசைவைப் பெறுவதே முறை.

இரத்த வகை வேறாக இருந்தால்?
தடையில்லை. சேகரித்த அணுக்களைத் தக்கவாறு பதப்படுத்திச் செலுத்துவர். காலப்போக்கில் நோயாளியின் இரத்த வகை கொடையாளரின் வகையாக மாறிவிடும்.

எனக்கு 58 வயது. என் தம்பிக்கு நான் ஒருவனே முழுப் பொருத்தம். என்ன செய்வது?
உங்கள் உடல்நலம் கொடைக்கு ஏற்றதாக இருப்பின், நீங்கள் மதிப்புமிக்க கொடையாளரே. உங்கள் வயதினர் கொடுத்து நலம் பெற்ற நோயாளிகள் பலர் உள்ளனர். வேறு இளைய கொடையாளரைத் தேடுவதா என்பதை, நோயின் வேகத்தைக் கருதி மாற்றுச் சிகிச்சை மருத்துவரே முடிவு செய்வார்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

கலந்தாலோசனைக்குச் செல்லும்போது, குடும்பத்தில் யார் யாரை எச்.எல்.ஏ. பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், முழுப் பொருத்தமுள்ள மூத்தவருக்கும் அரைப் பொருத்தமுள்ள இளையவருக்கும் இடையே இந்நோய்க்கு எவர் ஏற்றவர், பதிவேடுகளில் தேட எவ்வளவு காலம் உள்ளது ஆகிய மூன்றையும் கேட்டறிக. உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரின் வயது, நோய்கள், பெண்களாயின் மகப்பேறு விவரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்வது உதவும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் இடம்பெற்றுள்ளது. தகுதி குறித்த விவரங்களை மருத்துவமனையிலுள்ள திட்ட உதவி மையத்தில் பெறலாம். பொதுவான மருத்துவ ஐயங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதிவு செய்வதற்குத் தேவைப்படுவது, கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் எடுக்கப்படும் ஒரு மாதிரி மட்டுமே. பதிந்தவர்களுள் பெரும்பாலோர் ஒருபோதும் அழைக்கப்படுவதில்லை. அழைக்கப்படும் ஒருவரோ, எங்கோ ஒரு நோயாளிக்குக் கிடைத்த ஒரே பொருத்தமாக இருக்கக்கூடும். இருபதுகளில் பதிந்தால், அந்த வாய்ப்பு பல ஆண்டுகள் திறந்திருக்கும்.

இப்பக்கத்திலுள்ள விவரங்கள் பொதுவான விழிப்புணர்வுக்காக வழங்கப்படுகின்றன. தனிப்பட்ட சிகிச்சை முடிவுகளை, சிகிச்சை அளிக்கும் மருத்துவருடன் கலந்தாலோசித்தே மேற்கொள்ள வேண்டும்.